பெயரும் பிரிவும் தோட்டமும்: ஊவாவின் வானொலி ரசிகர்கள்

1970களில் பசறையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ இலங்கை வானொலிக்குப் போன ஒரு நேயர் விருப்பத் தபாலட்டையை எடுத்துக்கொள்வோம். கேட்கும் பாட்டு முதல் வரியிலேயே முடிந்துவிடும். படம், பாடியவர்கள் என்று இன்னொரு வரி. மிச்ச இடமெல்லாம் ஆட்களின் பெயர்கள். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, தங்கச்சிமார், பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து அறை வீட்டில், இருக்கும் மாமா, மாமி, அவர்கள் வீட்டுக் கைக்குழந்தை. இடம் போதாவிட்டால் எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். பிறகு ஓரங்களில் ஏறும். கடைசியில் தேயிலைத் தோட்டத்துப் பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், தபால் கந்தோர் உள்ள ஊரின் பெயர். பாட்டுக்குக் கிடைத்த இடத்தைப் போலப் பல மடங்கு இடம் ஆட்களுக்கும் தோட்டத்துக்கும் கிடைத்தது. இலங்கை மலையகத்தின் ஊவாப் பகுதி இசை ரசிகர்களைப் பற்றி எழுத வருகிறவர் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ரசிகர் என்றதும் நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் ஒரு கூட்டம்தான் நம் மனதில் வருகிறது. ரசிகர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்பதை நாம் அவ்வளவாக விசாரிப்பதில்லை. மேலைநாட்டு ராக் இசையில் இதற்குப் பேர்போன ஓர் உதாரணம் உண்டு. 1965இல் கலிபோர்னியாவில் உருவான கிரேட்புல் டெட் இசைக்குழு, 1971இல் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டின் உறையில் தன் ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோளை அச்சிட்டது: நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புங்கள். கடிதங்கள் குவிந்தன. அவற்றிலிருந்து பெரியதொரு முகவரிப் பட்டியலும் செய்திமடலும் பிறந்தன. 1985இல் தி வெல் என்ற கணினி வழி உரையாடல் களம் தொடங்கியபோது அதை உயிர்ப்போடு வைத்திருந்தவர்களில் இந்த ரசிகர்கள் பெரும்பங்கினர். இன்று இணைய ரசிகர் சமூகம் என்று நாம் சொல்வதன் முதல் அத்தியாயங்களில் அதுவும் ஒன்று.

அந்த 1971இல், ஹாலிஎலையிலும் லுணுகலையிலும் நமுனுகுலை மலைச்சரிவுகளிலும் இருந்த ரசிகர்கள் யாரும் கேட்காமலே தங்கள் பெயர்களைக் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கலிபோர்னியா ரசிகரிடம் இருந்த ஒன்று இவர்களிடம் இல்லை. வீட்டு இலக்கமும் தெருப்பெயரும் கொண்ட ஒரு முகவரி.

அது எப்படி என்று சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருப்பவருக்குத் தபால்காரர் கதவைத் தட்டிக் கடிதம் தந்ததில்லை. நகரத்துத் தபால் கந்தோரிலிருந்து தோட்டத்தின் ஆள் ஒருவர் தபால் பையைச் சுமந்து வருவார். பை தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே பிரித்து, கணக்கப்பிள்ளை வழியாகவோ கங்காணி வழியாகவோ, மலையில் வேலை செய்யும் இடத்திலோ பெரட்டுக்களத்திலோ கடிதம் கைமாறும். சில நேரம் நாட்கள் கழித்து வரும். சில நேரம் வராமலே போகும். வேலைக்கான நேர்முகக் கடிதம் நாள் கடந்து கையில் கிடைத்த கதைகள் மலையகத்தில் ஏராளம். தனித்தனி முகவரி வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் ஓயவில்லை. சட்டமும் அவர்களை முகவரியற்றவர்களாகவே நடத்தியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. நாட்டின் பட்டியலில் இல்லாத பெயர், தோட்டத்தின் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டில் அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள். செக்ரோலில் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். அரை நாள் வேலைக்கு அரைப்பேர். அந்தப் பெயரையே, வேலைக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமில்லாமல், அழகான உச்சரிப்போடு கொழும்பிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டபோது அது என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தக் குரல் மலைக்கு வந்த வழியும் எளிதானதல்ல. கொழும்பிலிருந்து மலையேறிய ரயில் பாதை 1924இல் பதுளையில் வந்து முடிந்தது. மறு ஆண்டு, 1925 டிசம்பரில், தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியில் கொழும்பு வானொலி பேசத் தொடங்கியது. ரயில் தேயிலையை ஏற்றிக்கொண்டு போனது. வானொலி மலைக்கு வந்துசேரப் பல வருடங்கள் பிடித்தன. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டியில் இருந்தது. படையினருக்காக நடத்திய வானொலியின் வலுவான சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயர். 1950 செப்டம்பர் 30இல் வர்த்தக ஒலிபரப்பு. தமிழ் வர்த்தக ஒலிபரப்பின் முதல் குரல் எஸ்.பி. மயில்வாகனம்.

இதற்கிடையில் இந்தியாவில் ஒரு காரியம் நடந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதை நெருக்கினார். நேயர்கள் கடல் கடந்து கொழும்புக்குத் திரும்பினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா ரேடியோ சிலோனில் தொடங்கி, வட இந்தியா முழுவதையும் கட்டிப்போட்டது. 1957இல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டிய கட்டாயம் டில்லிக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஹிந்திக்கு நடந்தது தமிழுக்கும் நடந்தது. சோப்பும் பற்பசையும் விற்ற கம்பெனிகளின் விளம்பரப் பணம் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தது. தமிழ் ஒலிபரப்பில் சினிமாப் பாட்டு பெருகியது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அந்தச் சினிமாப் பாட்டுப் பெருக்கு ஊவாத் தோட்டத் தொழிலாளிக்காக வந்ததல்ல. விளம்பரக் கம்பெனிகளின் கணக்கில் அவருடைய நாட்சம்பளத்துக்குப் பெரிய இடம் இருந்திருக்க முடியாது. வேறு யாருக்காகவோ கட்டிய கூடத்துக்குள் அவர் தபாலட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்து, தன் குடும்பத்தையும் பிரிவையும் தோட்டத்தையும் சபையறியச் சொல்ல வைத்தார். அழைப்பில்லாமல் வந்தவர்கள் அந்தக் கூடத்தைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள்.

ரேடியோ வாங்குவது லேசான விஷயமில்லை. பெரும்பாலான லயங்களில் மின்சாரம் கிடையாது. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் லயத்துக்குள் ரேடியோ வந்தது என்று சொல்லலாம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலத்தில் உள்ளூரில் பூட்டிய யுனிக் ரேடியோக்கள் கடைகளுக்கு வந்தன. ரேடியோ இருந்த காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பு, மாலையில் லயம் முழுவதற்கும் பொது இடம். பூப்பின்னிய துணி போர்த்தி, சாமிப்படத்துக்குப் பக்கத்துப் பலகையில் அதை வைத்திருப்பார்கள். அலை சரியாகக் கிடைக்கவில்லை என்றால் செம்புக் கம்பி ஒன்றைக் கட்டித் தகரக் கூரைக்கு இழுப்பார்கள். பெட்டரி இறங்கிவிட்டால் எடுத்து வெயிலில் காய வைப்பார்கள். இன்னும் இரண்டு பாட்டு கேட்கலாம். சம்பள நாளுக்கு முந்திய வாரத்தில் பெட்டரியை எதற்குச் செலவழிப்பது என்பது வீட்டுக்குள் பெரிய வழக்கு. செய்தி கேட்கும் அப்பாவுக்கும் பாட்டு கேட்கும் பிள்ளைகளுக்கும் இடையில் அம்மா தீர்ப்புச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தீர்ப்பு எப்போதும் பாட்டுக்கே. கொழுந்து மலைக்குப் போகாத அந்த ஒரு நாளில், தண்ணீர்ப் பீலியடியில் துணி துவைத்துக்கொண்டே பெண்கள் கேட்டது லயத்திலிருந்து வந்த பாட்டைத்தான்.

1967இல் வானொலி கூட்டுத்தாபனமானது. 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயர் வந்தது. அந்த ஆண்டுகளில் பொங்கும் பூம்புனல், இசையும் கதையும், நீங்கள் கேட்டவை, திரைவிருந்து, பாட்டுக்குப் பாட்டு என்று நிகழ்ச்சிகளின் பெயர்களே வீட்டுப் பேச்சாயின. அறிவிப்பாளர்கள் நட்சத்திரங்களானார்கள். கே.எஸ். ராஜாவின் மின்னல் வேகம், பி.எச். அப்துல் ஹமீதின் தெளிந்த உச்சரிப்பு, ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவு ஆகியவற்றை ரசிகர்கள் பாடகர்களின் குரல் போலப் பிரித்தறிந்தார்கள். பையன்கள் போலச் செய்து பழகினார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியைப் பிடிப்பவர் யாராக இருந்தாலும் அவர் தொண்டையில் கே.எஸ். ராஜா இருந்தார். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார்.

இசைக்குழு ரசிகர் என்ற பொருளுக்கு இன்னும் நெருக்கமாக வருவது பொப்பிசை. மூன்ஸ்டோன்ஸ் குழுவும் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் சிங்கள இளைஞர்களிடம் மின்கிதாரைக் கொண்டு போன காலத்தை ஒட்டி, தமிழில் நித்தி கனகரத்தினம், பரமேஷ் கோணேஷ் சகோதரர்கள், ஏ.ஈ. மனோகரன் ஆகியோர் வந்தார்கள். இந்தியப் பத்திரிகைகளுக்கும் படங்களுக்கும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. உள்ளூர்ப் பாட்டுக்கு வானொலியில் இடம் கிடைத்தது. மனோகரனின் சுராங்கனி கடல் தாண்டி 1977இல் இளையராஜாவின் இசையில் தமிழ்ப் படத்துக்குள்ளும் போனது. பைலா தாளத்தில் வந்த இந்தப் பாட்டுகள் மலைக்கு அந்நியமாகப் படவில்லை. தப்படித்து ஆடிப் பழகிய கால்களுக்கு அது பிடித்த தாளம்தான். பதுளை பஸார் வீதியில் சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று எல்லாக் கடையிலும் ஒலிக்கக்கூடிய பாட்டாக அது இருந்தது. ஆனால் பாட்டைப் பாடியவர்கள் யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் கொழும்பையும் சார்ந்தவர்கள். மலைக்காரனுக்குக் கேட்கும் இடம் கிடைத்த அளவுக்குப் பாடும் இடம் கிடைக்கவில்லை. இந்தக் குறையை நான் சிறிதாக நினைக்கவில்லை.

ஒலிபரப்பில் பெயர் வருவது ஒரு நாளோடு முடியவில்லை. திரும்பத் திரும்ப வரும் பெயர்களை மற்றவர்கள் அடையாளம் கண்டார்கள். தெமோதரையில் இருப்பவருக்கு, நேரில் பார்த்தேயிராத பூனாகலைக்காரர் ஒருவரின் வீட்டில் எத்தனை பேர், அவருக்கு எந்தப் பாடகர் உயிர், அவர் தங்கைக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்பதெல்லாம் தெரியும். பிறந்தநாள் வாழ்த்தில் குழந்தையின் பெயர் சேரும். ஒரு வருடம் ஒரு பாட்டியின் பெயர் பட்டியலில் வராமல் போகும். பேனா நண்பர்களானவர்கள் உண்டு. நேயர் மன்றம், ரசிகர் மன்றம் என்று பெயர் வைத்து, ரப்பர் முத்திரையும் குத்தி அட்டை அனுப்பியவர்கள் உண்டு. வாயால் சொல்ல முடியாத காதலைப் பாட்டின் பெயராலும் பட்டியலில் பெயர் வரும் வரிசையாலும் சொன்னவர்கள் உண்டு. அப்படிச் சொன்னது லயத்துக்குப் புரிந்துவிட்டால் அடி விழுந்ததும் உண்டு.

இது இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் ஜும்ரி தெலையா என்ற சிற்றூர், ரேடியோ சிலோனுக்கும் விவித் பாரதிக்கும் குவித்த விருப்பக் கடிதங்களால் ஹிந்தி உலகம் முழுவதும் அறிந்த பெயரானது. அது மைக்கா சுரங்கங்களின் ஊர். பதுளையின் மலைகள் தேயிலையின் ஊர்கள். ஒன்று தரைக்குள், மற்றது மலைமேல். இரண்டும் உழைத்தவரின் பெயரை யாரும் கேட்காதபடி பொருளை மட்டும் வெளியே அனுப்பிய இடங்கள். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் காய்ந்த காற்றில் விளையும் கொழுந்தின் மணத்துக்குத் தனி விலை உண்டு. அதைப் பறித்தவரின் பெயர் எந்தப் பெட்டியிலும் இருந்ததில்லை. ஹொப்டன், ஸ்பிரிங்வெளி, தம்பேதன்னை போன்ற தோட்டப் பெயர்கள் கொழும்பு ஏல அறையில் கேட்ட பெயர்கள்தான். அவை ஒரு குடும்பத்தின் பெயரோடு சேர்ந்து ஒலித்த பொதுவிடம் வானொலி.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தக் குடும்பப் பெயர்ப் பட்டியலை நடுவில் கிழித்தது. நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று இலங்கை, இந்திய அரசுகள் பிரித்துக்கொண்டன. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் போனார்கள். பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் இறங்கினார்கள். வழியெல்லாம் அழுகை நிறைந்த அந்த ரயிலுக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். போனவர்களில் பலர் நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து பறித்தார்கள். அங்கேயும் லயம்தான். அங்கேயும் இலங்கை வானொலியின் அலை கிடைத்தது. தமிழ்நாடு முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த காலமல்லவா? தமிழ்நாட்டு ரசிகருக்கு அது இனிமையான தமிழ். கூடலூர் லயத்தில் இருந்தவருக்கு அது விட்டுவந்த ஊர். ஒரு கடிதம் எழுதிப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும் நிலையில், பசறை என்ற சொல் வானொலியில் வந்தால் பெட்டியின் பக்கம் திரும்பியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். இந்தப் பிரிவை ஒப்பந்தங்களின் எண்களில் எழுதியிருக்கிறோம்; நேயர் பட்டியல்களின் வழியாக இன்னும் எழுதவில்லை.

1977இல் இறக்குமதி திறந்தது. கசெட் வந்தது. பதுளையிலும் பண்டாரவளையிலும் ரெக்கோடிங் பார்கள் முளைத்தன. பிடித்த பாட்டை எழுதிக் கொடுத்தால் கசெட்டில் ஏற்றித் தருவார்கள். பாட்டுக்காக வானொலியை நம்பியிருக்க வேண்டியதில்லை என்றான பிறகும் அட்டைகள் போய்க்கொண்டிருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டு மட்டுமே தேவையாக இருந்திருந்தால் கசெட்டோடு அந்த வழக்கம் செத்திருக்கும். 1982இல் ரூபவாஹினி வந்தது. 1983 ஜூலையில் பதுளை நகரத்தின் தமிழ்க் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தமிழ்ப் பெயரையும் இருக்கும் இடத்தையும் உரக்கச் சொல்வது முன்போல் எளிதாக இல்லாத ஆண்டுகள் தொடர்ந்தன. அடையாள அட்டையும் சோதனைச் சாவடியும் பெயரை வேறு காரணத்துக்காகக் கேட்டன. 1998இல் சூரியன், சக்தி என்ற தனியார் பண்பலைகள் வந்தன. தொலைபேசியில் அழைத்து, அறிவிப்பாளரோடு தன் குரலிலேயே பேசலாம் என்றானது. எங்கே இருந்து பேசுகிறீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்களில் பழைய வரிசை அப்படியே இருந்தது: பெயர், பிரிவு, தோட்டம், ஊர். இன்று கைத்தொலைபேசியில் ஒரு பாடகரின் காணொளிக்குக் கீழே ஹாலிஎல என்றும் வெலிமடை என்றும் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டுப் போகும் இளைஞரின் கையிலும் நான் அந்த வரிசையைப் பார்க்கிறேன்.

இந்த ரசிகத்தனத்தை மலையகத்தின் அறிவாளர்களில் சிலர் வருத்தத்தோடு பார்த்தார்கள். அவர்களுடைய வருத்தத்தில் நியாயம் உண்டு. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சென்று மக்கள் பாடல்களைத் தொகுத்திராவிட்டால் கொழுந்து மலையில் பிறந்த எத்தனையோ பாட்டு அழிந்திருக்கும். சினிமாப் பாட்டு வந்து காமன் கூத்து, பொன்னர் சங்கர் ஆகிய தோட்டத்துக் கூத்துகளைப் பின்னுக்குத் தள்ளியது உண்மை. ஆனாலும் சென்னையில் பதிவான ஒரு பாட்டைக் கேட்பதாலேயே ஒருவர் தன் மண்ணை மறந்துவிட்டார் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அதே அட்டையில்தான் அவர் தோட்டத்தின் பெயரை எழுதினார். பதுளையில் ஊவா கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த ஜோசப், தான் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டு தெளிவத்தை ஜோசப் என்றே தமிழ் இலக்கியத்தில் நின்றார். எழுத்தாளர் செய்ததை நாம் பெருமையாகச் சொல்கிறோம். நேயர் விருப்பத்துக்கு எழுதிய கொழுந்துப் பெண்ணும் அதையேதான் செய்தாள்.

ரேடியோ சிலோனின் ஹிந்தி நேயர்களைப் பற்றி இன்று பல்கலைக்கழக அளவில் நூல்கள் வந்துவிட்டன. 2023இல் வெளியான இசபெல் வாகூஹா அலோன்சோவின் ஆய்வு அவற்றில் முக்கியமானது. தமிழ் நேயர்களைப் பற்றி, அதிலும் தோட்ட நேயர்களைப் பற்றி, அந்த ஆழத்தில் ஒரு நூல் வேண்டும். அறிவிப்பாளர்களின் நினைவுக்குறிப்புகள் இருக்கின்றன. அவை ஒலிவாங்கியின் இந்தப் பக்கத்துக் கதை. அந்தப் பக்கத்துக் கதைக்கான சான்றுகள் லயங்களில்தான் இருக்க வேண்டும். தபாலட்டைகள் கொழும்புக்குப் போய்விட்டன. ஆனால் வானொலியிலிருந்து நேரடியாகப் பதிவு செய்த கசெட்டுகள், பாட்டு வரிகளை எழுதி வைத்த அப்பியாசக் கொப்பிகள், மன்றத்து ரப்பர் முத்திரைகள், பேனா நண்பர்களின் கடிதக் கட்டுகள் ஆகியவை பழைய தகரப் பெட்டிகளில் கிடக்க வாய்ப்புண்டு. பாட்டு தொடங்குமுன் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படுவதை வெட்டாமல் விட்ட கசெட் ஒன்று கிடைத்தால் ஆய்வாளருக்கு அது பெரிய புதையல்.

காலம் அதிகமில்லை. 1970களில் அட்டை எழுதிய பிள்ளைகள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். மலைச்சரிவில் லயம் சரிந்தால் பெட்டியும் போய்விடும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. 2005 முதல் ஈழத்து எழுத்தாவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகளுக்கு மலையகத்திலும் கிளைவேலை இருக்கிறது. அந்த வேலைக்குப் போகிறவர்கள் நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் கேட்பதோடு, வீட்டில் பழைய கசெட் இருக்கிறதா, எந்த நிகழ்ச்சிக்கு எழுதினீர்கள், யார் யார் பெயரைச் சேர்த்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். இரண்டு பக்கத்திலும் கிடைப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒப்பந்தம் பிரித்த குடும்பங்களில் சிலவாவது ஒரே பட்டியலில் மறுபடி தெரியவரும்.